குட்டி கொண்டுவந்தது

நம் செட்டில் நாய் வளர்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். மான்ட்ரியலின் வெஸ்ட் ஐலண்டில் வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பாட்டு கிளாஸ் என்று அடைக்கப்பட்டு, மாடியிலிருந்து சாம்பார் வாசனை வரும்வரை சரளி வரிசை பாடியவர்கள் நாம். நம் வீடுகளில் மீன்தொட்டிகூடக் கிடையாது. யார் தொட்டியைக் கழுவுவது என்று அம்மாக்கள் கேட்டுவிடுவார்கள்.

நான் மட்டும் வளர்த்தேன். ஒரு குளிர்காலத்திலிருந்து அடுத்த இலையுதிர் காலம் வரை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், முறுக்குக்காக உங்கள் பூட்ஸையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்த கறுப்பு நாய். பிறகு அது என்ன ஆயிற்று என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது நாம் முட்டிவலியும் சர்க்கரையும் பேசுகிற வயதுக்கு வந்துவிட்டோம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அப்பா விமானப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். கர்க்லாண்டில் வீடு, இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ், அதில் ஒரே கார். அவருடைய பாஸ் உள்ளூர்க்காரர், வீட்டில் பிரெஞ்சு, ஆபீஸில் இங்கிலீஷ். ஆள் நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக அவரைத்தான் கெட்டவர் என்று நினைப்பீர்கள். அவருக்கு உலகத்தில் இரண்டே விஷயம்: வாத்து வேட்டை, வாத்தைத் தூக்கிவரும் லாப்ரடார் நாய்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விருந்து பாஸ் வீட்டில் நடந்தது. சுவர் முழுக்கச் சதுப்பு நிலமும் துப்பாக்கியும் நனைந்த நாயுமாகப் போட்டோக்கள். மற்ற ஆண்கள் ஹாக்கியும் வேட்டையும் பேசிக்கொண்டிருக்க, அப்பா வழக்கம்போல் கோக் டம்ளரோடு ஓரமாக நின்றார். பதவி உயர்வு ஒன்று அவரைத் தாண்டிப் போயிருந்த சமயம். திடீரென்று முன்னால் வந்து, "எங்க தாத்தா பெரிய வேட்டைக்காரர். குற்றால மலையில நாய்களோட போவார்" என்று இங்கிலீஷில் சொன்னார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

அப்பாவின் தாத்தா தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்துவிட்டால் டப்பாவை வெயிலில் வைத்து, கடைசி எறும்பு இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். பரம்பரை பரம்பரையாக சைவம். முட்டை போட்ட கேக் வீட்டுக்குள் வந்ததில்லை.

பாஸ் அப்பாவின் தோளைத் தட்டி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று திரும்பும்போது காரில் அப்பா விசிலடித்துப் பாடினார். பொங்கலுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை பாஸ் எங்கள் வாசலில் வந்து நின்றார், கையில் அட்டைப் பெட்டி. உள்ளே பழைய ஸ்வெட்டருக்கு நடுவே ஒரு கறுப்புக் குட்டி. வேட்டைக்காரர் குடும்பத்தில் நாய் இல்லாமல் இருக்கலாமா என்றார்.

ஒப்பந்தம் இதுதான்: நாங்கள் வளர்த்துப் பழக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் தன்னோடு வேட்டைக்கு வந்து வாத்தைத் தூக்கிவந்தால், குட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கலாம், வேட்டைக்கு மட்டும் அவர் கூட்டிப்போவார். வேலை செய்யாவிட்டால் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். அப்பா சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். அப்பாவுக்கு நாய் என்றால் நடுக்கம். பேச்சு முடியும்வரை சோபாவில் கால்கள் இரண்டையும் மடக்கி வைத்திருந்தார்.

எனவே குட்டி என்னிடம் வந்தது. எனக்கு அப்போது பதினொன்று முடிந்து பன்னிரண்டு. "பேர் வெக்காதே. பேர் வெச்சா நம்ம வீட்டுப் பிள்ளை ஆயிடும்" என்றாள் அம்மா. அதனால் 'குட்டி' என்றே கூப்பிட்டோம். அதுவே பேராகிவிட்டது, அம்மா தடுத்தும் பிரயோஜனமில்லை.

பழக்குவது எப்படி என்று பாஸ் அன்றைக்கே காட்டிவிட்டுப் போனார். பிரெஞ்சில்தான். அது அப்பாவுக்குப் புரியாது, எனக்குப் பள்ளிக்கூட மொழி. 'அஸி' என்றால் உட்கார வேண்டும். 'ரெஸ்த்' என்றால் அசையக் கூடாது. 'அப்போர்ட்' என்றால் போய்க் கொண்டுவர வேண்டும். 'டோன்' என்றால் கையில் கொடுக்க வேண்டும். நீளமாக ஒரு விசில் ஊதினால் உட்கார், குட்டி குட்டியாக ஊதினால் ஓடி வா. பச்சைக் கித்தானில் தைத்த உருளை ஒன்றும், கொம்பில் செய்த விசில் ஒன்றும் கொடுத்தார். அந்த உருளைதான் பொய் வாத்து.

எங்கள் வீட்டு மாடி நடை குறுகலானது, கதவுகளையெல்லாம் சாத்திவிட்டால் சுரங்கம்போல் ஆகிவிடும். அங்கே உருட்டி விட்டால் எடுத்த பொருளோடு குட்டி வேறெங்கும் போக முடியாது, என்னிடம்தான் வந்தாக வேண்டும். வந்ததும் பிடுங்கக் கூடாது. முதலில் கழுத்தைத் தடவி, வாயில் வைத்திருப்பதற்காகக் கொஞ்ச வேண்டும், அப்புறம்தான் கேட்க வேண்டும். அது சலிப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. வீட்டில் நான் சொல்லி ஒருவர் கேட்பது அதுவரை நடந்ததில்லை.

குட்டியின் வாய் மிருதுவானது. பச்சை முட்டையைக்கூட உடையாமல் தூக்கும் வாய் அது என்று பாஸ் சொல்வார், எங்கள் வீட்டில் அதைச் சோதிக்க முட்டை இல்லை. வாழைப்பழத்தை வைத்துப் பார்த்தேன். தோலில் ஒரு பல் படவில்லை. அந்த ஈர வாயின் சூடு இன்னும் உள்ளங்கையில் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் வருவீர்கள். அப்பாவுக்கு அது காட்சி நேரம். "அஸி!" என்று சோபாவிலிருந்தே கத்துவார். அவர் சொல்லி குட்டி உட்காராது, நான் அவர் முதுகுக்குப் பின்னால் கையைத் தூக்குவேன், உடனே உட்காரும். மாமாக்கள் கைதட்டுவார்கள். முறுக்கை உடைத்துப் போடுவார்கள். உங்களில் யாரோ கித்தான் உருளையைக் கொல்லைப்புறப் பனியில் வீசி எறிந்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லப்போவதில்லை. ராத்திரி பெய்த பனியில் அது புதைந்தது. மறுநாள் எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை.

பாஸிடம் இன்னொன்று கேட்கலாம் என்றேன். "அதையெல்லாம் போய்க் கேட்டா என்ன நினைப்பார்? நாமே செஞ்சுக்கலாம்" என்றார் அப்பா. அவருடைய பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை அம்மா இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைக் காலி ஷாம்பூ பாட்டிலின்மேல் சுற்றி, இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். மறுபாதியைச் சமையலறைக்கு வைத்துக்கொண்டாள், டிபன் பாக்ஸைச் சுற்றிக் கட்ட. பீரோவிலிருந்த அந்துருண்டை வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணியில் போகாது. குட்டிக்கு அதுதான் வாத்து. கண்ணை மூடிக்கொண்டு தேடும். பனிக்குவியலுக்குள் ஒளித்து வைத்தாலும், கராஜில் டயருக்குப் பின்னால் வைத்தாலும், மூக்கைத் தரையில் வைத்துக் கொண்டுபோய் எடுத்துவந்து, எதிரில் உட்கார்ந்து, கேட்கும்வரை காத்திருக்கும்.

சாப்பாடு என்ன என்கிறீர்களா? தயிர் சாதம். அப்பா திருட்டுத்தனமாக வாங்கி வந்த நாய் பிஸ்கட் மூட்டை கராஜில் இருந்தது. ஆனால் அம்மா காலையில் தயிர் சாதத்தை நன்றாகக் குழைத்து, கட்டி இல்லாமல் பிசைந்து, தட்டில் வைப்பாள். "எனக்கு ஒண்ணும் பாசமில்லை. வீட்டுல ஒரு ஜீவன் பசியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள். அவள் தனக்குச் சாதம் போட்டுக்கொள்வது அதற்கப்புறம்தான். இதை அன்று நான் கவனிக்கவில்லை.

பனி உருகும் சமயத்தில் பாஸ் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தனுப்பினார். உள்ளே காய்ந்த வாத்து இறக்கைகள். உருளையின்மேல் இறக்கையைக் கட்டி எறிய வேண்டும். சிறகு வாயில் படும் உணர்வு குட்டிக்கு இப்போதே பழக வேண்டும், இல்லாவிட்டால் நிஜ வாத்தைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாது. ஃப்ரீசரில் வைத்தால் கெடாது என்றும் சொல்லியிருந்தார். அப்பா யோசிக்காமல் வைத்துவிட்டார், துருவிய தேங்காய்க்கும் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக்கும் நடுவே.

அம்மா பார்த்ததும் வீடு ரெண்டானது. தேங்காய், கறிவேப்பிலை, நெல்லிக்காய் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. இறக்கைப் பை கடைசியாகப் போயிற்று. ஃப்ரீசரை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். "செத்ததை வீட்டுக்குள்ள கொண்டுவர நாம என்ன காட்டு மிருகமா? நாய் இருக்கட்டும். இது கூடாது." அப்பா தானே குப்பைப் பையை வெளியே எடுத்துப்போனார். தாத்தா பெரிய வேட்டைக்காரர் என்று அவர் சொன்ன பொய்யை அம்மா எப்போது வேண்டுமானாலும் எடுத்து வீசலாம் என்ற பயம் அவருக்கு இருந்தது.

"இறக்கை இல்லாம பழகாதுப்பா, பாஸ் சொன்னாரே" என்றேன்.

"அதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கும்மா. மீனுக்கு நீச்சல் யார் சொல்லிக் குடுத்தா? வாத்தைப் பார்த்தா தானா தூக்கும்."

"பாஸ் கேட்டா?"

"ஆமான்னு சொல்லு. அவ்வளவுதானே."

நான் சும்மா இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வேறு மாதிரிப் பேசப்பட்டது. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தின் கூரைக்கடியில் புறாக்கள் அடையும். பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போகிற சாக்கில் அங்கே போய், கீழே கிடந்த சிறகுகளைப் பொறுக்கி, பென்சில் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி உருளையின்மேல் நூலால் கட்டினேன். கராஜுக்குள் ஒரே முறை எறிந்தேன். குட்டி ஓடிப்போய், முகர்ந்து, தும்மி, என்னைத் திரும்பிப் பார்த்தது. பயந்ததா, சந்தேகமா, தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் பழகியிருக்கும். அதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். கன்னத்தில் விழுந்தது. டப்பாவும் போயிற்று, அழகான தகர டப்பா, மூடியில் பெருக்கல் வாய்ப்பாடு போட்டிருக்கும். குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்றாள்.

கோடையில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனோம். குட்டி முதல் நாளே தண்ணீரில் இறங்கிவிட்டது. வாலைத் துடுப்புபோல் வைத்துக்கொண்டு, வேட்டி உருளையைக் கவ்வி, மூக்கில் நுரையோடு திரும்பி வரும். பாஸ் ஒரு நாள் வந்து பார்த்தார். குட்டி சாப்பிடும் நேரத்தில் தொலைவிலிருந்து துப்பாக்கியை வெடித்து, சத்தத்துக்கு அது மிரளவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என்னிடம் குனிந்து, "இறக்கை வைத்துப் பழக்கினாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை, ஆனால் என்ன கேள்வி என்று தெரிந்திருந்தது. என்னைப் பார்த்தார். "ஆமாம்" என்றேன். பாஸ் என் தலையில் கை வைத்து, உன் அப்பாவின் தாத்தாவுக்கு ஏற்ற கொள்ளுப்பேத்தி என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை விடியலில் மான்ட்ரியல் தீவைத் தாண்டி மேற்கே ஒரு சதுப்புக்குப் போனோம். பாஸ், அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர், அப்பா, நான், குட்டி. நாணல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அப்பா புதிதாக ஒரு காக்கி ஜாக்கெட் வாங்கிப் போட்டிருந்தார், விலைச் சீட்டின் நூல் இன்னும் கைப்பக்கம் தொங்கியது. அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். அதை அப்பா தன் பையோடு கரையில் பின்னால் வைத்தார்.

குட்டி என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வாத்துகள் வந்தன. துப்பாக்கி வெடித்தது. ஒன்று தண்ணீரில் விழுந்தது. குட்டியின் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் அசையவில்லை. 'ரெஸ்த்' என்று நான் சொன்னது ஒரே முறை. சிநேகிதர்களில் ஒருவர் பாஸைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பாஸின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத் தலையசைத்தார்.

"அப்போர்ட்!" என்றேன்.

நேர்க்கோட்டில் நீந்திப் போயிற்று. வாத்தை அடைந்தது. மூக்கால் தொட்டது. சுற்றி வந்தது. மறுபடி தொட்டது. பிறகு தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. அது தும்மியது எனக்குக் கரையிலேயே கேட்டது. நான் மனதுக்குள், எடு, எடு, எடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பாஸும் ஒரு முறை குரல் கொடுத்தார்.

குட்டி திரும்பிவிட்டது. வாயில் ஒன்றுமில்லை. கரையேறி, உடம்பைக்கூட உதறாமல், எங்களைத் தாண்டிப் பின்னால் ஓடியது. அப்பாவின் பைக்குள் தலையை விட்டது. முடிச்சைக் கவ்விக்கொண்டு, நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தது. வேட்டித் துணியில் கட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நீர் சொட்டச் சொட்ட, ஒரு பருக்கை சிந்தாமல்.

கொண்டுவா என்று நாங்கள் பழக்கியது எதையோ, அதைக் கொண்டுவந்திருந்தது. 'டோன்' என்றேன். கையில் வைத்தது. அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சிநேகிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. "இறக்கை?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார்: "தினமும் இவகிட்ட சொன்னேன். செய்யறேன் செய்யறேன்னா. உங்ககிட்டயும் செஞ்சேன்னுதானே சொன்னா? குழந்தைங்கதானே, என்ன பண்றது."

அவர் சொல்லிக் கொடுத்த பொய்யை என் கழுத்தில் கட்டிவிட்டார். நான் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அப்பாவுக்குப் புரிந்துகூட இருக்காது. ஆனால் பெற்ற அப்பாவைப் பொய்யர் என்று ஊரார் முன்னால் எந்த மொழியில் சொல்வது? பாஸ் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

குட்டி அவருடைய டிரக்கின் பின்னால் ஏறியது. 'அஸி' என்றார், உட்கார்ந்தது. 'ரெஸ்த்' என்றார், அசையவில்லை. வண்டி போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

மறுநாள் காலையும் அம்மா தயிர் சாதம் பிசைந்துவிட்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றாள். பிறகு கொல்லைப்புறம் போய்க் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கொல்லைப்புறம் நின்று விசில் ஊதுவேன். குட்டி குட்டியாக, ஓடி வா என்பதற்கான ஊதல். பாஸ் வீடு இருந்த இடம் வரை கேட்காது என்று தெரியும். அப்படியும் முதல் பனி விழுந்த பிறகும் ஊதினேன். அப்பா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஜன்னலைத் திறந்து, "அதை நிறுத்தும்மா. அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்றார். நிறுத்தினேன். விசில் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆன விருந்துக்கு பாஸ் வந்திருந்தார், கைத்தடியோடு. எனக்கே அப்போது பிள்ளைகள் இருந்தார்கள். குட்டியைப் பற்றி நான்தான் கேட்டேன். ஒரு பால்பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகவும், நெடுங்காலம் நன்றாக வாழ்ந்ததாகவும் சொன்னார். பண்ணையில் இருக்கிற கந்தைத் துணியையெல்லாம் பொறுக்கி வந்து வந்தவர் போனவர் கையில் கொடுக்குமாம். பிறகு, "உனக்கே வேண்டாம் என்றதும் எனக்கு வருத்தமாக இருந்தது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வேட்டை முடிந்த அந்த வாரமே அப்பாவுக்குப் போன் செய்தாராம். வேட்டைக்கு ஆகாது, ஆனால் நல்ல நாய், உங்கள் பெண்ணுக்கே இருக்கட்டும், வந்து கூட்டிப்போங்கள் என்றாராம். அவளுக்கு இப்போது அதில் ஆர்வமில்லை, பாட்டு கிளாஸில் மும்முரமாக இருக்கிறாள் என்று அப்பா நன்றி சொல்லி வைத்துவிட்டாராம்.

நான் பனியில் நின்று ஊதியதையெல்லாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஜன்னலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "பாஸ் போன் பண்ணாராமே, அப்பா?"

எந்தப் போன் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. வைப்பர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டிட்டு வந்திருந்தா, நான் சொன்ன பொய் தினமும் வாசல்ல வந்து நின்னு வாலாட்டியிருக்கும்மா" என்றார். பின் சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

போன மாதம் அப்பாவுக்கு எண்பத்தைந்து. உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். கேக் வெட்டியதும் யாரோ, "மாமா, அந்தப் புளியோதரை நாய்க் கதையைச் சொல்லுங்க" என்றீர்கள். அவருக்கு இப்போது பலதும் மறந்துவிட்டது, அந்தக் கதை மட்டும் மறக்கவில்லை. நாணல், பனி, டிபன் பாக்ஸ், நடுங்கும் கையால் நாயின் முகத்தை நடித்துக் காட்டியது எல்லாம் பிரமாதம். குட்டிப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். டிரக் அந்தக் கதையில் வராது. போனும் வராது.

"அது நல்ல நாய்தான்" என்று கடைசியில் சொன்னார். "இவதான் இறக்கையை வெச்சு ஒழுங்காப் பழக்கலே. இல்லையாம்மா?"

எல்லாரும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினீர்கள். அவரும் என்னைப் பார்த்தார். அன்று ஆற்றங்கரையில் பார்த்த அதே பார்வை.

"ஆமாம்ப்பா" என்றேன்.